மரித்தோர் பட்டியலில் எழுதாத பெயர்



ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் எங்கள் பங்குக் கோயில்களிலே ஒரு வழக்கமுண்டு. குடும்பத்தில் மரித்தவர்களுடைய பெயர்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பங்குச் சுவாமியாரிடம் கொடுப்பார்கள். கார்த்திகை மாதம் முடியும்வரை அந்த உறைகள் பீடத்தின் அருகே ஒரு பெட்டியில் இருக்கும். நாளாந்தப் பூசையில் அவர்கள் எல்லாருக்காகவும் மன்றாடப்படும். நான் முன்னர் பணியாற்றிய பங்கொன்றில், எழுதுகிறவர்களுக்கு இலகுவாய் இருக்கட்டும் என்று, தாளின் நடுவே ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கத்தில் ‘உயிரோடிருப்போர்’ என்றும் மறு பக்கத்தில் ‘மரித்தோர்’ என்றும் தலைப்பிட்டு மேசைமேல் வைத்திருந்தோம். நோயாளிகளுக்காகவும் பிறதேசத்திலுள்ள பிள்ளைகளுக்காகவும் செபிக்கக் கேட்பவர்கள் இருப்பார்களே என்று எண்ணியே அப்படிச் செய்தோம்.

ஒரு தாய் வந்தார். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். மரித்தோர் பக்கத்திலே கணவருடைய பெயரை எழுதினார். தாய் தகப்பன், மாமன் மாமி, ஷெல் விழுந்து இறந்த மூத்த மகள் என்று ஒவ்வொன்றாய் எழுதினார். பிறகு பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சுவாமி, இளையவன்ரை பேரை எந்தப் பக்கத்திலை எழுதிறது?”

2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்ற சொல்லை நம்பித் தன் கையாலேயே ஒப்படைத்த மகன். அதன் பின்னர் செய்தியில்லை. அந்தத் தாய் ஏறாத அலுவலகமில்லை, கொடுக்காத விண்ணப்பமில்லை.

“செத்த ஆக்களோடை எழுதினால் நானே அவனைச் சாக்காட்டினது மாதிரி. மற்றப் பக்கத்திலை எழுதினால், ஒருவேளை அவன் போயிருந்தால், இவ்வளவு வருசமும் அவனுக்கெண்டு ஒருத்தரும் மன்றாடாமல் விட்டதாய்ப் போயிடுமே, சுவாமி.”

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்காய்ப் படித்த எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. “தாளை வைச்சிட்டுப் போங்கோ அம்மா, நாளைக்குக் கதைப்பம்” என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவு நித்திரையும் வரவில்லை. மரித்தோருக்காகக் கத்தோலிக்கர் ஏன் மன்றாடுகிறோம் என்ற கேள்விக்குப் பரீட்சைத் தாளிலே நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாயின் கேள்வியோடு அதை வைத்துப் பார்த்தபோதுதான், அந்தப் பதிலின் பாரம் எனக்கு விளங்கத் தொடங்கியது. வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இந்த வாரத்துப் பிரசங்கம்.

முதலிலே ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிட வேண்டும். ஞாபகம் வேறு, மன்றாட்டு வேறு. மரித்தோரை ஞாபகப்படுத்தாத மனிதர் உலகில் இல்லை. எங்கள் சைவச் சகோதரர் ஆடி அமாவாசையிலே கீரிமலையில் தீர்த்தமாடித் தந்தையரை நினைக்கிறார்கள். கடவுளே இல்லை என்கிறவனும் தன் தகப்பனுடைய படத்துக்கு மாலை போடுகிறான். நல்லதுதான். ஆனால் திருச்சபை கார்த்திகை 2ஆந் திகதி செய்வது அதுவல்ல. ஞாபகம் எங்களுக்காக, எங்கள் துக்கம் ஆறுவதற்காக. மன்றாட்டோ அவர்களுக்காக. மரித்தவனுக்கு இன்னும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, அதை அவனுக்குக் கொடுக்க எங்களால் இயலும் என்று நம்பினால் மாத்திரமே மன்றாட்டுக்குப் பொருளுண்டு. அந்தத் தாய் இதை நன்றாக அறிந்திருந்தார். மகனை மறந்துவிடுவேன் என்று அவர் பயப்படவில்லை. அது அவரால் முடியாத காரியம். அவனுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமற் போய்விடுமோ என்றே பயந்தார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வேதாகமத்திலே மக்கபேயரின் 2ஆம் நூலின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த சம்பவம். யூதா மக்கபே என்ற தளபதி, இதுமேயா நாட்டு ஆளுநனான கோர்கியாவின் படையோடு பொருதுகிறான். வெற்றி கிடைக்கிறது; ஆனால் அவனுடைய வீரர் சிலர் மடிகிறார்கள். ஓய்வுநாள் கழிந்ததும், பிதாக்களின் கல்லறைகளிலே உறவினரோடு அடக்கம் செய்வதற்காக உடல்களை எடுக்கப் போகிறார்கள். எடுக்கும்போது ஒரு வெட்கக்கேடு வெளிப்படுகிறது. மடிந்த ஒவ்வொருவனுடைய அங்கிக்குள்ளும் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்து இருக்கிறது! மெய்யான கடவுளுக்காகப் போராடப் போனவர்கள், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பொய்த் தேவர்களின் தாயத்தையும் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். (நம்மவர்களில் சிலர் செபமாலையை ஒரு கையிலும் மந்திரித்த நூலை மறு கையிலும் கட்டிக்கொள்வதில்லையா?)

யூதா அப்போது என்ன செய்தான் என்பதைக் கவனியுங்கள். “துரோகிகள், கிடக்கட்டும்” என்று போகவில்லை. “வீரமரணமடைந்தவர்கள், குறை சொல்லக்கூடாது” என்று தாயத்தை மறைக்கவுமில்லை. எல்லாரையும் கூட்டி, அந்தப் பாவம் முற்றாய்த் துடைக்கப்பட வேண்டுமென்று மன்றாடுகிறான். பிறகு ஆளுக்காள் பணம் சேர்த்து, ஏறக்குறைய 2,000 வெள்ளித் திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பிப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறான். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இது வீண்வேலையாகும் என்று ஆகமத்தின் ஆசிரியரே குறிப்பிடுகிறார்.

எங்கள் பிரிந்த சகோதரருடைய வேதாகமத்தில் இந்த நூல் இல்லை என்பதை அறிவேன். கலப்புத் திருமணமான குடும்பங்களிலும், புதிய செபக்கூட்டங்களுக்குப் போய்வருகிற இளைஞர் மத்தியிலும், “மரித்தவனுக்காகச் செபிக்கப் பைபிளில் எங்கே சொல்லியிருக்கிறது?” என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய 2ஆம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தை அவர்களுடைய வேதாகமத்திலேயே காட்டுங்கள். தமக்குச் சிறையில் உதவிய ஒனேசிப்போரின் வீட்டாரை ஆண்டவருடைய இரக்கத்துக்கு ஒப்படைக்கிறார். பின்னர் அந்த மனிதனுக்கும் கடைசி நாளிலே இரக்கம் கிடைக்க வேண்டுமென்று வேண்டுகிறார். அவன் அப்போது மரித்திருந்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். எல்லாரும் அப்படிக் கருதவில்லை என்பதையும் நேர்மையாய்ச் சொல்லிவிடுங்கள். வேதத்தை வைத்து விவாதத்தில் வெல்வதைவிட உண்மையாய் இருப்பது பெரிது.

அப்படியானால் மரித்தவனுக்குத் தேவைப்படுவது என்ன? உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொன்னவுடனே நெருப்பும் சங்கிலியும் கூக்குரலுமாய் எங்கள் கண்முன் வருகின்றன. பழைய படங்களும், பழைய தியானப் பிரசங்கங்களும் அதற்குக் காரணம். ‘ஸ்தலம்’ என்ற சொல்லும் ஒரு காரணம். ஏதோ ஒரு ஊர் இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. அது ஓர் இடமன்று, ஆன்மாவின் ஒரு நிலை என்று 1999ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் தெளிவாக விளக்கினார். 2007ஆம் ஆண்டிலே பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர், நம்பிக்கையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று கருதும் இறையியலாளரை எடுத்துக்காட்டினார். அவருடைய பார்வைக்கு முன்னால் எங்கள் பொய்யெல்லாம் உருகிப்போகிறது. அந்தப் பார்வை சுடுகிறது, சுட்டே குணமாக்குகிறது.

இதை எங்கள் ஊர்ப் பாணியிலே சொல்லிப் பார்க்கிறேன். பழைய யாழ்ப்பாணத்து வீடுகளிலே, வயலிலிருந்து சேறும் சகதியுமாய் வருகிறவன் நேரே வீட்டுக்குள் ஏறமாட்டான். கிணற்றடிக்குத்தான் போவான். வீடு அவனுடையது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே அவனுக்குச் சாப்பாடு மூடிவைக்கப்பட்டிருக்கிறது. எவரும் அவனைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலோடு உள்ளே போக அவனுக்கே மனம் வராது. அவன் வெளியே தள்ளப்பட்டவனல்லன், வீட்டுக்கு வந்துசேர்ந்தவன். உத்தரிக்கிற நிலையிலுள்ள ஆத்துமாக்களும் அப்படியே. அவர்கள் நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே தீர்ப்புக்காகக் காத்துநிற்பவர்களல்லர். அவர்கள் மீட்கப்பட்டவர்கள். வீட்டு முற்றத்திலே நிற்பவர்கள்.

அந்தக் கிணற்றடியிலே இன்னொன்றையும் பார்க்கலாம். கையெல்லாம் சேறாயிருக்கிறவன் துலாக்கொடியைப் பிடிக்க முன்னரே, தாயோ தங்கையோ வந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் காலில் ஊற்றுவாள். “நீயே அழுக்காக்கினாய், நீயே கழுவு” என்று பார்த்துக்கொண்டு நிற்கும் தாய் எங்கே இருக்கிறாள்? மரித்தோருக்காக நாங்கள் செய்யும் செபம் அந்த ஒரு வாளி தண்ணீர். தண்ணீர் எங்களுடையதன்று, கல்வாரியிலே ஈட்டியால் திறக்கப்பட்ட விலாவிலிருந்து வருவது. எங்கள் செபம் கிறிஸ்துவின் மீட்புக்கு எதையும் கூட்டிவிடுவதுமில்லை. அள்ளி ஊற்றும் வேலையை மாத்திரம் அவர் எங்களுக்கு விட்டிருக்கிறார். ஏன் விட்டார்? தாமே ஊற்றமுடியாதா? முடியும். ஆனால் ஒரே சரீரத்தின் அவயவங்களாக எங்களை ஆக்கியவர், ஒருவர் ஒருவருக்கு உதவாமல் மோட்சத்துக்குப் போகும் வழியை ஏற்படுத்தவில்லை. ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோர், நோயிலே செபிப்பவர், மரணப் படுக்கையில் கைபிடிப்பவர் என்று வாழ்நாள் முழுவதும் மற்றவர் கையாலேயே எங்களுக்கு அருள் வருகிறது. மரணத்தோடு மாத்திரம் அந்த ஒழுங்கு ஏன் நின்றுவிட வேண்டும்? 1964ஆம் ஆண்டிலே 2ஆம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய கொள்கைத்திரட்டில் கற்பித்ததும் இதையே.

ஆதித் திருச்சபை இதை வாதத்தால் அறிந்துகொள்ளவில்லை, பாசத்தால் அறிந்துகொண்டது. கி.பி. 203ஆம் ஆண்டு ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சிறையிலே பெர்ப்பேத்துவா என்ற இளந்தாய், கைக்குழந்தையோடு, வேதசாட்சி மரணத்துக்குக் காத்திருந்தாள். அவளே எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒருநாள் செபித்துக்கொண்டிருக்கையில், ஏழு வயதிலே முகத்தில் புற்றுநோய் வந்து இறந்துபோன தம்பியின் பெயர் அவள் வாயில் தானாக வந்தது. அவனுக்காக மன்றாடினாள். அன்றிரவு கனவிலே அவன் தாகத்தோடு நிற்கக் கண்டாள். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆனால் விளிம்பு அவனுக்கு எட்டாத உயரத்தில். அவள் இரவும் பகலும் அழுது மன்றாடினாள். பின்னொரு நாள் காட்சியிலே தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருந்தது. தம்பி தண்ணீர் குடித்துவிட்டு, குழந்தைகள் செய்வதுபோல, விளையாட ஓடிவிட்டான். தனக்குச் சாவு நெருங்கியிருக்கையிலே, எப்போதோ இறந்த தம்பியின் தாகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த அக்காளை எண்ணிப் பாருங்கள்.

புனித மோனிக்கம்மாளின் கதை எங்கள் குடும்பங்களுக்கு இன்னும் கிட்டியது. கணவன் பத்திரீசியுவுக்குப் பக்கத்திலேயே தன்னையும் அடக்கம் செய்யவேண்டுமென்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அதற்காகக் கல்லறையும் ஆயத்தமாயிருந்தது. ஆனால் 387ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்திலே காய்ச்சல் கண்டு படுத்தாள். அந்நிய தேசத்திலே சாகவேண்டி வருகிறதே என்று ஒரு மகன் வருந்தினான். அவளோ, உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதைப் பற்றிக் கலங்கவேண்டாம். எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினையுங்கள், அது ஒன்றே நான் கேட்பது என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு, 56ஆம் வயதில் கண்மூடினாள். மற்ற மகனான புனித அகுஸ்தீனார் பல ஆண்டுகளுக்குப் பின் தன் சரிதையை எழுதும்போது, வாசிக்கிறவர்களெல்லாரும் என் தாயையும் தந்தையையும் பீடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தாய் புண்ணியவதி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், “என் தாய்க்குச் செபம் எதற்கு?” என்று அவர் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நாங்கள் இக்காலத்தில் அடக்கப் பூசை முடிய முன்னரே மரித்தவரை மோட்சத்தில் ஏற்றிவிடுகிறோம்! இரங்கலுரைகளைக் கேட்டால், பாவமென்று ஒன்றை அறியாத மனிதரே எங்கள் பங்குகளில் வாழ்ந்து மடிகிறார்கள் என்று நினைக்கவேண்டி வரும். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டைப் புரட்டினால் அதற்கும் மேல். அன்பினாலேதான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் இதனால் நட்டப்படுகிறவர் யார்? மரித்தவரே. புனிதர் என்று முடிவுகட்டிவிட்டவருக்காக யார் மன்றாடுவார்கள்? 1544ஆம் ஆண்டு மன்னாரிலே விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த வேதசாட்சிகளுக்காக நாங்கள் செபிப்பதில்லை. எங்களுக்காகச் செபிக்கும்படி அவர்களைக் கேட்கிறோம். அது அவர்களுக்குத் தகும். எங்கள் அப்புவும் ஆச்சியும் நல்லவர்கள்தான். ஆனால் காணி எல்லைக்காகத் தம்பியோடு 20 வருடம் கதையாமல் இருந்த அப்புவுக்கு ஒரு வாளி தண்ணீர் தேவையில்லையா? நான் இறந்தால் என்னைப் புகழவேண்டாம், எனக்காக ஒரு பூசை கேளுங்கள் என்று என் வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

திருச்சபையும் இந்த விஷயத்திலே தன் பிள்ளைகளின் பலவீனத்தை அறிந்தே இருந்தது. 1563ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே திரிதெந்தீன் பொதுச்சங்கம், உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்குள்ள ஆத்துமாக்கள் விசுவாசிகளின் மன்றாட்டுக்களாலும் விசேஷமாய்ப் பீடத்தின் பலியாலும் உதவி பெறுகிறார்கள் என்ற இரண்டையும் கற்பித்தது. அதற்குமேல் எத்தனை நாள், எத்தகைய நெருப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. மாறாக, ஞானநன்மை விளைவிக்காத கடினமான கேள்விகளைச் சாதாரண மக்களுக்கான பிரசங்கங்களிலே எழுப்பவேண்டாமென்றும், வீண் ஆவலுக்கும் மூடநம்பிக்கைக்கும் இழிவான ஆதாயத்துக்கும் இடங்கொடுக்கக்கூடாதென்றும் ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. 450 ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டளை. இன்றும் குருக்களாகிய நாங்கள் எங்கள் அறைச் சுவரிலே எழுதி ஒட்டிவைக்கத் தக்கது.

பூசைக் காணிக்கை மோட்சத்துக்குக் கட்டும் கூலியன்று. பணமுள்ளவனின் தகப்பன் சீக்கிரமாகவும் ஏழையின் தகப்பன் தாமதமாகவும் போவதற்கு அது கச்சேரி அலுவலல்ல. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பூசைக்குப் பணம் அனுப்புகிறார்கள்; மாபிள் கல்லறை கட்டுகிறார்கள்; அடக்கத்தை நேரலையிலே பார்க்கிறார்கள். குறை சொல்லவில்லை, தூரத்திலுள்ளவர்களின் துக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பூசை நடக்கும் ஞாயிறிலே, தாங்கள் இருக்கும் ஊரிலே தாங்களும் ஒரு பூசையில் பங்குபற்றி நற்கருணை உட்கொண்டால், அதுவல்லவா தாய்க்குக் கொடுக்கும் காணிக்கை! பிள்ளைகள் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று அழுது அழுதே இறந்த தாய்க்கு வேறென்ன வேண்டும்? கார்த்திகை 1ஆந் திகதி முதல் 8ஆந் திகதி வரை சேமக்காலையைச் சந்தித்து மரித்தோருக்காகச் செபிக்கிறவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்று, பாப்பரசரின் கருத்துக்காகவும் மன்றாடி, பாவப்பற்றை விலக்கி நின்றால், பரிபூரண பலனை மரித்த ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்பது நீங்கள் அறிந்ததே. 2020ஆம் ஆண்டு, கொள்ளைநோயினால் சனம் கூடமுடியாதிருந்தபோது, திருச்சபை அந்த நாட்களைக் கார்த்திகை மாதம் முழுவதற்கும் நீட்டிக் கொடுத்தது.

மரித்தோர் எல்லாருக்குமாக ஒரு நாளைக் குறித்தவர் பிரான்ஸ் தேசத்துக் குளூனி மடத்தின் அதிபர் புனித ஒடிலோ. ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தம் மடங்களில் தொடக்கியது எங்கும் பரவியது. அன்றைய தினம் ஒவ்வொரு குருவும் 3 பூசை செய்யலாம் என்ற அனுமதி எப்போது வந்தது தெரியுமா? 1915ஆம் ஆண்டிலே, முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருக்கையிலே. போர்க்களங்களிலே மடிந்த எண்ணற்ற இளைஞரை எண்ணிப் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் அதைக் கொடுத்தார். ஒரு பூசைக்கு மாத்திரமே காணிக்கை பெறலாம் என்ற நிபந்தனையோடு. மற்ற இரண்டில் ஒன்று மரித்த விசுவாசிகள் எல்லாருக்காக. அதிலே, பெயர் தெரியாதவர்களும் கல்லறை இல்லாதவர்களும் இடம்பெறுகிறார்கள்.

கல்லறை இல்லாதவர்கள்! எங்கள் நாட்டிலே இந்தச் சொல்லின் கனம் பெரிது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் கொண்டுபோனவர்களிலே எத்தனை பேர் பொதுக்குழிகளிலே பெயரில்லாமல் புதைக்கப்பட்டார்கள்! 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே பதுங்குகுழியையே கல்லறையாக்கி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு, செபம் சொல்லவும் நேரமில்லாமல் ஓடிவந்த குடும்பங்கள் இதை வாசிக்கும் உங்களுக்குள்ளே இருக்கின்றன. கார்த்திகை 2ஆந் திகதி மற்றவர்கள் சேமக்காலையிலே பூவும் மெழுகுதிரியுமாய் நிற்க, இவர்கள் எங்கே போவது? அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1697ஆம் ஆண்டு கண்டியிலே வைசூரி பரவி, சொந்தக்காரரே நோயாளிகளைக் காட்டிலே விட்டுவிட்டு ஓடியபோது, அவர்களைப் பராமரித்து, இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தவர் புனித யோசேவ் வாஸ் முனிவர். 1711ஆம் ஆண்டு தை 16ஆந் திகதி கண்டியிலே மரித்த அவரை, 2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தார். எத்தனையோ பேரை மண்ணிலே வைத்த அந்தக் கைகள் எந்த மண்ணிலே இருக்கின்றன என்று இன்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் நாட்டின் முதற் புனிதருக்கே அடையாளம் காணக்கூடிய கல்லறையில்லை. பீடத்திலே அவருடைய பெயர் இருக்கிறது. மோனிக்கம்மாள் கேட்டதும் அதைத்தானே?

இன்னொரு கேள்வியும் கடிதங்களில் வருவதுண்டு. தானே தன் உயிரை மாய்த்துக்கொண்டவனுக்காக மன்றாடலாமா? கொலை செய்தவன் இறந்தால் மன்றாடலாமா? மன்றாடலாம், மன்றாடவும் வேண்டும். கடைசி மூச்சுக்கும் தீர்ப்புக்கும் இடையிலே கடவுள் அந்த ஆத்துமாவோடு என்ன கதைத்தார் என்பதை அறிந்தவர் யார்? யூதா மக்கபே மன்றாடியது குற்றமற்றவர்களுக்காகவா? அங்கிக்குள்ளே தாயத்து இருந்தவர்களுக்காக. எங்கள் பக்கத்தில் மடிந்தவனுக்காக மாத்திரம் செபிப்பேன் என்பவன் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசிக்கட்டும். இதை எழுதுவது எனக்கும் இலகுவல்ல.

இனி அந்தத் தாயிடம் வருவோம்.

மறுநாட் காலைப் பூசைக்கு முன்னரே அவர் வந்திருந்தார். நான் இரவு திருச்சபைச் சட்டத்தைப் புரட்டியிருந்தேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலே 901ஆம் இலக்கச் சட்டம் மிகவும் சுருக்கமானது: உயிரோடிருப்பவர் மரித்தவர் எவருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். குருமடத்திலே ஒரு நிமிடத்தில் தாண்டிப்போன சட்டம். அதிலே கோடுமில்லை, இரண்டு பக்கமுமில்லை. அரசாங்கத்துக்கு மரணச் சான்றிதழோ காணாமற்போனமைச் சான்றிதழோ, ஏதாவது ஒன்று வேண்டும். பீடத்துக்கு ஒரு சான்றிதழும் வேண்டியதில்லை. பெயர் போதும். மகன் உயிரோடு எங்கேயாவது இருந்தால், அந்தப் பூசை அவனைக் காக்கட்டும். மரித்திருந்தால், அவனுக்குத் தண்ணீராய் இருக்கட்டும். எது தேவை என்பதை நாங்கள் கடவுளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மன்றாடுவது, அவன் செத்தான் என்று தீர்ப்பளிப்பதாகாது. மன்றாடுகிறபடியால் அவனைத் தேடுவதை நிறுத்தவேண்டியதுமில்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை தாய்க்கு எப்போதும் உண்டு.

இவற்றையெல்லாம் அவருக்கு விளங்கக்கூடிய முறையில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

“அப்ப கோட்டுக்கு மேலை எழுதட்டோ, சுவாமி?” என்றார்.

தாளை எடுத்து, நடுவிலே நாங்கள் இழுத்த கோட்டின் மேலேயே, அவனுடைய பெயரை எழுதினார். கை நடுங்கியபடியால் எழுத்து இரண்டு பக்கமும் போயிற்று. அடுத்த வருடம் முதல் அந்தப் பங்கிலே தாளில் கோடு இழுப்பதை நிறுத்திவிட்டோம்.

பூசைக்கு எந்தத் திகதி போடுவது என்று கேட்டேன். மற்றக் குடும்பங்களுக்கு இறந்த திகதி இருக்கிறது. ஆண்டுத் திருப்பலி அதன்படி வரும். அவருக்கு அது இல்லை. யோசித்துவிட்டு, பிறந்த நாளைச் சொன்னார். கார்த்திகை 2ஆந் திகதி பின்னேரம் சேமக்காலையிலே கணவருடைய கல்லறைக்கும் மகளுடைய கல்லறைக்கும் திரி கொளுத்தியபின், கையில் மிஞ்சிய ஒன்றைக் கொண்டுபோய் நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் வைத்தார். காற்றுக்கு இரண்டுதரம் அணைந்தது. பக்கத்திலே நின்ற யாரோ ஒரு பிள்ளை தன் திரியிலிருந்து கொளுத்திக் கொடுத்தது.